கூகைமந்தைக்கு ஒரு சொல்

2019ஆம் ஆண்டு புரட்டாசிக் கடைசி வியாழக்கிழமை, காலை ஒன்பதே முக்கால் மணிக்கு, வடகவுஞ்சிக்கு மேற்கே இருந்த கூகைமந்தை என்ற ஊர் இருபத்தொன்பது வீடுகளோடும் காப்பித் தோட்டங்களோடும் நூற்றெண்பது அடி கீழே இறங்கியது. இறங்க நான்கு நிமிடம் ஆனது. யாருக்கும் அடிபடவில்லை. அடுப்பில் இருந்த உலைகூடத் தளும்பவில்லை என்று ஊர்க்காரி கந்தம்மாள் பிறகு சொன்னாள். எல்லோருக்கும் காது அடைத்தது, கோழிகள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துகொண்டன, வாசலில் கிடந்த வெயில் சுவரேறிக் கூரையைத் தாண்டிப் போய்விட்டது. வெளியே வந்து பார்த்தவர்களுக்கு நாலாபக்கமும் புதிதாக வெட்டிய மண்சுவர் தெரிந்தது. அதில் வேர்கள் தொங்கின. ஊருக்குள் வரும் தார்ச்சாலை பாதியில் அறுந்து, தலைக்கு மேலே வெகு உயரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது.

காரணத்தை யாரும் தேட வேண்டியிருக்கவில்லை. முந்தின நாள் மாலை, கொடைக்கானலில் ஒரு பேக்கரிக்கு மாடியில் இருந்த மேட்டுநிலப் பதிவகத்தில், கூகைமந்தைக்கு நேரே இருந்த ‘கரடு’ என்ற சொல்லை அழித்துவிட்டு ‘மேடு’ என்று பதிந்திருந்தார்கள். மேடு என்றால் எதிலிருந்து மேடு என்று யாரும் குறிக்கவில்லை. ஆகவே நிலம் தனக்குத் தெரிந்த கணக்குப்படி, பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஓடும் ஆற்றின் மட்டத்தைப் பார்த்து இறங்கி, அதற்கு முப்பதடி மேலே நின்றுகொண்டது. ஆற்றுக்கும் ஊருக்கும் நடுவே பழைய மலையின் விளிம்பு சுவராக நின்றது.

அந்தப் பதிவகத்துக்கு வேலை ஒன்றே ஒன்றுதான். பழனி மலைத்தொடரில் உயர்ந்து நிற்கும் ஒவ்வோர் இடத்துக்கும் மலை, குன்று, கரடு, மேடு, திட்டு என்ற ஐந்தில் எந்தச் சொல் என்று எழுதி வைக்க வேண்டும். கேட்கச் சுலபமாகத்தான் இருக்கும். ஆனால் பழனிக்காரர்கள் முருகன் நிற்கும் குன்றை மலை என்றுதான் சொல்வார்கள். ‘மலைக்குப் போயிட்டு வந்தோம்’ என்றால் வேறு எந்த மலையும் இல்லை. கன்னிவாடிப் பக்கம் அதைவிட உயரமாக நின்றாலும், ஆடும் ஓணானும் மட்டும் ஏறுகிற இடம் கரடுதான். எத்தனை அடி உயரம் என்பதை வைத்து யாரும் பேசுவதில்லை, அங்கே என்ன செய்கிறார்கள் என்பதை வைத்துத்தான் பேசுகிறார்கள். எனவே பதிவகத்தில் எப்போதும் வழக்கு இருந்தது. எழுதிய சொல்லுக்கு நிலம் பணியும் என்பதால் வழக்கில் சூடும் இருந்தது. 1961இல் ஓர் எழுத்தர் மேல்மலையில் ஓரிடத்துக்கு மலை என்று எழுதப்போய் மழை என்று எழுதிவிட்டார். அந்த ஓர் உச்சியில் மட்டும் எழுபது நாள் விடாமல் பெய்தது. பிழையைத் திருத்தினார்கள், மழை நின்றது, எழுத்தரை ராமநாதபுரத்துக்கு மாற்றினார்கள். பதிவேடுகளைக் கணினியில் ஏற்றிய பிறகு பதினைந்து வருடம் எதுவும் அசையவில்லை. நிலம் காகிதத்துக்குத்தான் பணியும், கணினிக்குப் பணியாது என்று அலுவலகத்தில் எல்லோரும் நம்பத் தொடங்கியிருந்தார்கள்.

தமிழ்மதியும் அப்படித்தான் நம்பினாள். கன்னிவாடிக்காரி, முப்பத்து நான்கு வயது, பதினொரு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் ஏழு வருடமாக அங்கே எழுத்தர். கணவன் பிரிந்துபோன பிறகு மலையேறி வந்தவள். நாயுடுபுரத்தில் ஒரே அறையில் தனியாக இருந்தாள். கூகைமந்தையை ஒட்டி நிலம் வாங்கிய திருமலைச்சாமி அங்கே அறுபது அறை விடுதி கட்ட நினைத்தார். கரடு என்று பதிவான இடத்தில் கட்ட முடியாது, மேட்டில் கட்டலாம். பக்கத்தில் இருந்த ஊரும் ஒரே புல எண்ணில் இருந்ததால் ஊருக்கும் சேர்த்துத்தான் சொல் மாறும். கண்காணிப்பாளர் சிவமுருகன் காகிதத்தை அவள் மேசையில் வைத்தபோது அவள் ஒரு நிமிடம் கை வைக்காமல் இருந்தாள்.

“சார், ஊர் விசாரணை பண்ணாம சொல்லை மாத்தலாமா?”

“ஒரு சொல்லுதானம்மா. மலையையா தூக்கிட்டு வரச் சொன்னேன்? அடிச்சிட்டு வீட்டுக்குப் போ. அடுத்த மாசம் உன் ஒப்பந்தம் வருதுல்ல” என்றார் சிவமுருகன்.

அவள் அடித்தாள். இரண்டு எழுத்து. அடித்துவிட்டுக் கீழே பேக்கரியில் ஒரு பன் வாங்கிக்கொண்டு போனாள். மறுநாள் மத்தியானம் செய்தி வந்தபோது அந்தப் பன்னின் பாதி அவளுடைய பையில் இருந்தது.

உடனே கணினியில் உட்கார்ந்து கரடு என்று திருப்பி அடித்துப் பார்த்தாள். மாற்றிய சொல்லை நூற்றெண்பது நாளுக்குத் திரும்ப மாற்ற முடியாது என்று திரையில் சிவப்பில் வந்தது. சிவமுருகன் அதைப் பார்த்துவிட்டு, மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன், நாற்பத்தைந்து நாளில் பதில் வரும் என்றார். ஐப்பசி மழைக்கு ஐந்து நாள் இருந்தது.

குழிக்குள் அந்த ஐந்து நாளும் நீளமாகப் போயின. பகலில் வெயில் இரண்டு மணி நேரம்தான் இறங்கியது. கைபேசியில் சிக்னல் இல்லை. காப்பிச் செடிகள் இலை சுருட்டின, ஊர் பார்த்திராத கொசு வந்தது. ஊரின் ஊற்று முன்பு ஓடையாக வழிந்து போகும். இப்போது போக வழியில்லாமல் அங்கேயே தேங்கியது. துவக்கப்பள்ளிக்கு ஐந்து படிகள். மூன்றாம் நாள் முதல் படியில் தண்ணீர் நின்றது. தீயணைப்புக்காரர்கள் மேலேயிருந்து கயிறும் கூடையும் விட்டார்கள். தெம்புள்ளவர்கள் ஏறிப் போகலாம். ஆனால் ஏறிய வீட்டின் பெயரைத் திருமலைச்சாமியின் ஆட்கள் விளிம்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆளில்லாத வீடு என்று எழுதிக்கொண்டார்கள். இரண்டு பேர் போய்விட்டு, அதைப் பார்த்து அன்றே திரும்ப இறங்கினார்கள். அதற்குப் பிறகு யாரும் ஏறவில்லை.

கந்தம்மாளின் மகள் புவனாவுக்கு அது ஒன்பதாம் மாதம். தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் கணவன் அமல் வட்டக்கானலில் சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டுபவன். சேதி கேட்டு வந்தவன் விளிம்பை விட்டு நகரவில்லை. குழந்தை குறுக்கே கிடக்கிறது, கயிற்றில் தொங்கவிட்டால் தாங்காது என்று, அவளுக்கு முன்பே ஸ்கேன் பார்த்திருந்த டாக்டர் மேலேயிருந்து ஒலிபெருக்கியில் சொன்னார். ஹெலிகாப்டர் கேட்டால் மூடுபனி விடாது என்றார்கள். அமல் மேலேயிருந்து கத்துவான்; கீழே வந்து சேரும்போது அது வெறும் சத்தமாக இருக்கும். புவனா அதற்கும் கையை ஆட்டுவாள்.

திங்கட்கிழமை சிவமுருகன் சாப்பிடப் போன நேரத்தில் தமிழ்மதி அவருடைய மேசை இழுப்பறையைத் திறந்து பதிவகத்தின் வட்ட முத்திரையையும் மைப்பெட்டியையும் எடுத்துப் பையில் போட்டாள். பதிவக விதிகளில் பதினான்காவது விதி அவளுக்கு மனப்பாடம். ஓரிடத்தின் சொல்லில் ஐயம் வந்தால், அங்கே குடியிருப்பவர்கள் பேச்சில் எதைச் சொல்கிறார்களோ அதுவே சொல். எல்லாக் குடும்பமும் ஒரே சொல்லைச் சொல்லிக் கையெழுத்திட்டு முத்திரை விழுந்தால், அந்தக் கணமே அது செல்லும். கணினி தேவையில்லை. பேருந்தில் போகும்போது பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை அவளைக் கூடையில் இறக்கினார்கள். கீழே ஊர் கூடி நின்றது. கந்தம்மாள்தான் முதலில் கேட்டாள்.

“ஆரும்மா நீ? டாக்டரா?”

“இல்லைங்கக்கா. பதிவகத்துல இருந்து வர்றேன். மேடுன்னு அடிச்சது நான்தான்.”

சேனாதிபதி என்பவர், கந்தம்மாளின் பக்கத்துத் தோட்டக்காரர், வரப்புத் தகராறில் அவளோடு பத்து வருடமாகப் பேசாதவர், முன்னால் வந்து கூடையைக் கயிற்றிலிருந்து அவிழ்த்துத் தூர எறிந்தார். கயிறு வெறுமனே ஆடியது.

“நல்ல சோலி பாத்த. இங்கனயே கெட. தண்ணி ஏறும்போது எங்க கூட நின்னு நீயும் பாரு.”

“அதுக்குத்தான்ணே வந்தேன்” என்றாள் தமிழ்மதி.

பள்ளிக்கூடத்தில் விசாரணை நடந்தது. தண்ணீர் மூன்றாம் படியில் நின்றது. தமிழ்மதி மேசைமேல் காகிதத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகக் கேட்டாள்: உங்க ஊரு இருக்கிற இடத்தை நீங்க என்னான்னு சொல்லுவீங்க? சேனாதிபதி கரடு என்றார். அவருடைய பத்திரத்தில் நாலு தலைமுறையாகக் கரடுதான் இருக்கிறது. அடுத்த ஆள் மலை என்றார். மலை என்று எழுதினால் வனத்துறை ஆடு மேய்க்க விடாது என்று நான்கு பேர் எழுந்து கத்தினார்கள். குன்று என்று ஒருவர் சொன்னார். பள்ளிக்கூடப் புஸ்தகத்தைத் தவிர வேறெங்கே அந்தச் சொல்லைக் கேட்டாய் என்று அவர் மனைவியே கேட்டாள். கரடு என்றால் கடன் தரமாட்டான், ரோடு போடமாட்டான், இருபது வருடம் அதனால்தானே சீரழிந்தோம் என்றது ஒரு கூட்டம். ஒரு பெரியவர், இருக்கிறபடி மேடு என்றே விட்டுவிடுங்கள், இன்னும் கீழே போகாமல் இருந்தால் போதும் என்று அழுதார். பதினொரு மணிக்கு ஐந்து சொல்லும் இருந்தன. பன்னிரண்டு மணிக்கு மூன்றாகக் குறைந்து, மறுபடி நான்கானது. அந்த நேரத்தில் மழை வந்தது.

ஐப்பசி மழை மேலே பெய்வதுபோல் அங்கே பெய்யவில்லை. நாலு பக்கத்துச் சுவரிலிருந்தும் செம்மண் அருவியாக இறங்கியது. மேலே இருந்த ஓடைகளெல்லாம் இந்தக் குழியைக் கண்டுபிடித்து வந்து விழுந்தன. அரை மணி நேரத்தில் நான்காம் படி மறைந்தது. தாழ்ந்த தெருவில் இருந்த வீடுகளுக்குள் தண்ணீர் போனது. எல்லோரும் பிள்ளைகளையும் அரிசியையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே வந்தார்கள். புவனாவை நான்கு பேர் கட்டிலோடு தூக்கி வந்து ஒரு மூலையில் வைத்தபோது அவளுக்கு வலி தொடங்கியிருந்தது. ஊரில் நாலு பிரசவம் பார்த்த வள்ளி என்பவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, எழுந்து, கந்தம்மாளின் காதில் ஏதோ சொன்னாள். கந்தம்மாளின் முகம் கறுத்துப்போனது.

அவள் நேராகச் சேனாதிபதியிடம் போனாள். பத்து வருடத்துக்குப் பிறகு அவரிடம் பேசிய முதல் பேச்சு அது.

“அண்ணே, கரடுன்னே எழுதட்டும். நான் ஒத்துக்கிறேன். எல்லாரையும் ஒத்துக்க வைங்க. என் மக போயிருவா.”

சேனாதிபதி திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். அரைவாசிப் பேர் தலையாட்டினார்கள். அரைவாசிப் பேர் ஆட்டவில்லை. கடனுக்காகவும் ரோட்டுக்காகவும் இருபது வருடம் நடந்தவர்களுக்கு, உயிர்போகிற நேரத்திலும் அந்தச் சொல் வாயில் வரவில்லை. தமிழ்மதி காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பொய்யாகத் தானே ஒரு சொல்லை எழுதிக் கையெழுத்தையும் போட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். ஊர்ப் பேச்சில் இல்லாத சொல்லுக்கு நிலம் என்ன செய்யும் என்பதை அவள் ஒருமுறை பார்த்தாயிற்று. செய்யவில்லை.

அப்போது புவனா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். “ஆத்தா, என்னைய மேல கொண்டு போங்க! வெரசா மேல கொண்டு போங்க!”

தமிழ்மதி திரும்பினாள். காலையிலிருந்து அந்தச் சொல்லை எத்தனை முறை கேட்டிருந்தாள் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மேல இருந்தப்ப கொசு ஏது. மேல பூத்த காப்பி. மேல எங்க வீட்டுக்கு வெள்ளனே வெயில் வந்துரும்.

“அண்ணே, நீங்க பழனிச் சந்தைக்குப் போயிட்டு, திரும்ப ஊருக்கு வர்றதை என்னான்னு சொல்லுவீங்க?” என்று சேனாதிபதியிடம் கேட்டாள்.

“என்னான்னு சொல்ல? மேல போறேன்னு சொல்லுவேன்.”

“நீங்கக்கா?”

“மேல” என்றாள் கந்தம்மாள்.

“சந்தையில ஆராச்சும் எங்க இருக்கீகன்னு கேட்டா?”

“மேல இருக்கோம்னு சொல்லுவோம்.” இதை நாலைந்து பேர் ஒன்றாகச் சொன்னார்கள். சொல்லிவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஏம்மா, மேல போயிட்டாருன்னா செத்துட்டாருன்னுல அர்த்தம்?” என்று அந்தப் பெரியவர் பயந்துபோய்க் கேட்டார். “அது மலையும் இல்ல, மேடும் இல்ல. என்ன எழவு சொல்லு அது?”

“உங்க சொல்லுய்யா” என்றாள் தமிழ்மதி. “பட்டியல்ல இல்லதான். விதியில பட்டியல்னு இல்ல, பேச்சுன்னுதான் இருக்கு.”

அவள் ‘மேல’ என்று எழுதினாள். அதற்குள் பள்ளிக்கூடத்துக்குள்ளும் தண்ணீர் ஏறியிருந்தது. இருபத்தொன்பது வீட்டுக்காரர்களும் முழங்காலளவு தண்ணீரில் வரிசையாக வந்து கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். சேனாதிபதி கடைசியாக வைத்தார். முத்திரையை எடுத்தபோதுதான் மைப்பெட்டி பைக்குள் ஊறிப் பச்சைத் தண்ணீராகக் கிடந்தது தெரிந்தது. மூன்று முறை அழுத்தியும் காகிதத்தில் ஈரவட்டம்தான் விழுந்தது. வள்ளி பிரசவத்துக்கென்று வைத்திருந்த விளக்கெண்ணெயில் கொஞ்சம் ஊற்றி, சட்டியின் கரியைச் சுரண்டிப் போட்டுக் கந்தம்மாள் உள்ளங்கையில் குழைத்தாள். தமிழ்மதி அந்தக் கையிலேயே முத்திரையை ஒற்றி எடுத்துக் காகிதத்தில் வைத்து, தன் எடை முழுவதையும் கொடுத்து அழுத்தினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பத்து எண்ணும் நேரம் மழைச் சத்தமும் புவனாவின் சத்தமும்தான் இருந்தன. பிறகு தண்ணீர் கதவு வழியாக வெளியே ஓடத் தொடங்கியது. காது அடைத்தது.

கூகைமந்தை எழுந்தது. நாலு பக்கத்துச் சுவரும் கீழே போயின, தொங்கிய வேர்கள் போயின, ஊரின் விளிம்பிலிருந்து தண்ணீர் வட்டமாகக் குழிக்குள் கொட்டியது. சாலையின் அறுந்த முனைக்கு ஊர் நேராக வந்த அந்த ஒரு விநாடியில் அமல் யாரையும் கேட்காமல் குதித்தான். காப்பிச் செடிக்குள் விழுந்து எழுந்து ஓடி வந்தான். அவன் பள்ளிக்கூடத்துக்குள் நுழையும்போது ஊர் சாலையைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தது. எழுந்த அசைவில் குழந்தை தானாகத் திரும்பியது என்று வள்ளி சொல்வாள். தன் கைராசி என்றும் சில சமயம் சொல்வாள். இரண்டே கால் மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அது அழுத நேரத்தில் ஊர் நின்றது. சாலைக்கு நாற்பதடி மேலே, எதன்மீதும் படாமல் நின்றது. அடியில் காற்றுதான் இருந்தது. எவ்வளவு மேல என்று யாரும் எழுதவில்லை அல்லவா?

தமிழ்மதி கரி படிந்த முத்திரையோடு பள்ளிக்கூடப் படியில் உட்கார்ந்து அழுதாள். கந்தம்மாள் ஒரு டம்ளர் கடுங்காப்பியை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

முத்திரையைத் திருடியதற்காகத் தமிழ்மதியை வேலையிலிருந்து நீக்கினார்கள். வழக்கும் போட்டார்கள், சம்பவ இடத்தைப் பார்வையிட ஏறத் தகுந்த ஏணி இல்லை என்று இரண்டு வருடம் தள்ளிப்போய், பிறகு தள்ளுபடியானது. சிவமுருகன் உரிய வயதில் ஓய்வு பெற்றார். திருமலைச்சாமியின் மேட்டை எந்த அளவையாளராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் நூற்றைம்பது அடி ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. அவர் அதில் நான்கு பெடல் படகு விட்டிருக்கிறார், கோடை விடுமுறையில் கூட்டம் வருகிறது. அடுத்த வருடம் ஊரடங்கு வந்தபோது கூகைமந்தைக்காரர்கள் நூலேணியை மேலே இழுத்துக்கொண்டார்கள், ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை. 2021இல் இரும்புப் படிக்கட்டு வந்தது. மின்வாரியம் கம்பியைக் கொஞ்சம் நீளமாக இழுத்துக் கொடுத்தது. கடனும் ரோடும் இன்னும் வரவில்லை. சேனாதிபதியும் கந்தம்மாளும் வரப்புத் தகராறில் மறுபடி பேச்சை நிறுத்திவிட்டார்கள். காற்று பலமாக அடிக்கும் ஆடி மாதத்தில் ஊர் லேசாகத் திரும்பும். அப்போது ஒரு வாரம் எல்லா வீட்டுக்கும் கிழக்கு வெயில் மாறி விழும், துணி காயப்போடுகிறவர்கள் அதற்குத் தகுந்தபடி கொடியை மாற்றிக் கட்டுவார்கள்.

தமிழ்மதிக்கு ஊர் ஒரு வீடு ஒதுக்கியது. மனுக்கள் எழுதிக் கொடுக்கிறாள், பட்டர் ஃப்ரூட் மரம் நான்கு வைத்திருக்கிறாள். போன தை மாதம் பழனியில் சாமி கும்பிட்டுவிட்டு மத்தியானப் பேருந்தில் ஏறினாள். கண்டக்டர் இந்தத் தடத்துக்குப் புதியவர், தேனிப் பக்கத்து ஆள்.

“எங்கம்மா இறங்கணும்?”

“மேல” என்றாள்.

அவர் கைக்கருவியில் இறங்குமிடங்களின் பட்டியலை விரலால் தள்ளினார். வடகவுஞ்சிக்கும் பெருமாள்மலைக்கும் நடுவே அது இருந்தது. அழுத்தினார், சீட்டு வந்தது, கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த இருக்கைக்குப் போனார்.